வண்டி வாங்கும் மேஸ்திரிகள் முதலில் ஆட்களை எண்ணட்டும்

பெங்களூருக்குப் பிழைக்க வந்த தமிழர்களில், கரண்டி பிடித்துத் தொடங்கி மேஸ்திரியாக உயர்ந்தவர்கள் ஏராளம். தர்மபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் கையில் ஒரு பையோடு வந்தவர்கள், இன்று பத்துப் பேருக்கு வாரக் கூலி கொடுக்கிறார்கள். சனிக்கிழமை தோறும் சம்பளம் பட்டுவாடா செய்யும் நிலைக்கு வந்துவிட்ட ஒருவர், அடுத்து எண்ணுவது சொந்தமாக ஒரு வண்டி. டெம்போவுக்கு வாடகை கொடுத்துக் கொடுத்து அலுத்துப் போனவர் அவர். அந்த ஆசையை யாரும் குறை சொல்ல முடியாது.

குடகிலும் சிக்மகளூரிலும் காப்பித் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போகும் மேஸ்திரிகளுக்கும் இதே ஆசை உண்டு. திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரியோடு மாநிலம் மாநிலமாகப் போகும் குழுக்களுக்கும் உண்டு.

இவர்கள் கண் இப்போது விழுவது டபுள் கேபின் டீசல் பிக்கப் மீது. முன்னால் டிரைவர் வரிசை. அதன் பின்னால் இன்னொரு இருக்கை வரிசை. நான்கு கதவுகள். அதற்கும் பின்னால் சாமான் போடத் திறந்த தொட்டி. ஆளும் போகலாம், சாமானும் போகலாம். தார் ரோட்டிலும் போகலாம், சேற்றிலும் போகலாம் என்பது இதன் கவர்ச்சி.

ஆனால் வாங்கிய பிறகு நடப்பது என்ன? பின் இருக்கையில் டிரில்லிங் மிஷினும், சாப்பாட்டுத் தூக்குகளும், மேஸ்திரியின் நண்பர் ஒருவரும் இருப்பார்கள். ஆட்களோ திறந்த தொட்டியில், சிமெண்டு மூட்டை மீதும் சென்ட்ரிங் பலகை மீதும் உட்கார்ந்து வருவார்கள். சித்தாள் பெண்கள் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் முந்தானையையும் பிடித்துக்கொண்டு வருவார்கள். இரண்டாவது வரிசைக்கென்று கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய வண்டி, ஒற்றைக் கேபின் வண்டியைப் போலவே ஓடிக்கொண்டிருக்கும்.

இந்தத் தவறு சாலையில் தொடங்குவதில்லை. வண்டியைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. எத்தனை ஆள், எவ்வளவு சுமை, எப்படிப்பட்ட பாதை என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் இல்லாமல் ஷோரூமுக்குள் நுழைபவர், முகப்பைப் பார்த்து வாங்கிவிட்டு வருகிறார். அந்தத் தவறுக்கு விலை கொடுப்பவன் தொட்டியில் வருகிற கூலியாள்.

ஒரு சின்னக் கணக்கு

எந்த வண்டியின் ஆர்.சி. புத்தகத்திலும் இரண்டு எடைகள் இருக்கும். ஒன்று, வெறும் வண்டியின் எடை. மற்றது, சுமையோடு சேர்ந்த மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த வண்டி சுமக்கலாம் என்று சட்டம் அனுமதிக்கும் அளவு. டிரைவரின் எடை வெறும் வண்டியின் எடையில் சேராது என்று மோட்டார் வாகனச் சட்டமே சொல்கிறது. ஆகவே ஆட்களின் எடையும் இந்த வித்தியாசத்துக்குள்தான் அடங்க வேண்டும்.

மொத்த எடை 2,700 கிலோ, வெறும் எடை 1,700 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். வித்தியாசம் 1,000 கிலோ. ஒரு சிமெண்டு மூட்டை 50 கிலோ. ஆகவே 20 மூட்டை ஏற்றலாம் என்று எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். அது டிரைவர் கூட இல்லாத வண்டிக்குத்தான் பொருந்தும்!

டிரைவரோடு சேர்த்து 5 பேர், ஆளுக்கு 65 கிலோ என்றால் 325 கிலோ போய்விடுகிறது. மிச்சம் 675 கிலோ. டிரில்லிங் மிஷின், வைப்ரேட்டர், ஏணி, மண்வெட்டி, தண்ணீர்க் கேன் எல்லாம் சேர்த்து ஒரு 100 கிலோ. மிச்சம் 575 கிலோ. அதில் அடங்குவது 11 மூட்டைதான். 20 மூட்டையையும் ஏற்றி, அதன் மேல் ஆறு ஆட்களையும் ஏற்றினால் அந்த வண்டி என்ன ஆகும்?

சுமை கூடக் கூட பிரேக் பிடித்து நிற்கும் தூரமும் கூடும். பின் அச்சுக்குப் பின்னால் பாரம் அழுத்தினால் முன் சக்கரங்கள் லேசாகி, ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. மேடு இறங்கும்போது பிரேக் சூடேறிப் பிடிப்புக் குறையும். அதிக பாரத்துக்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய். அதிகப்படியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். ஒரே ஒரு முறை பிடிபட்டால் ஒரு மாதத் தவணைக்கு மேல் போய்விடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டபுள் கேபினில் இரண்டாவது வரிசை இடத்தை எடுத்துக்கொள்வதால் தொட்டி குட்டையாக இருக்கும். நீளக் கம்பியும் சாரக் கட்டையும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். தினமும் மணல், ஜல்லி, கம்பி என்று சாமான் அடிப்பதே முக்கிய வேலை என்றால், ஒற்றைக் கேபின் வண்டியே போதும். அதன் விலையும் குறைவு. நாலைந்து ஆட்களும் அவர்களுடைய கருவிகளும் நாள்தோறும் இடம் மாறுகிற வேலைக்குத்தான் டபுள் கேபின் பொருந்தும். பிளம்பர், எலக்டிரீஷியன், பெயிண்டர், டைல்ஸ் ஒட்டுபவர், போர்வெல் மோட்டார் இறக்குபவர் ஆகியோரின் வேலை அப்படிப்பட்டது.

எந்த வண்டி யாருக்கு?

இன்றைய சந்தையில் இந்த வண்டிகள் இரண்டு சாதி.

ஒன்று, வேலைக்கென்றே பிறந்தவை. மகிந்திரா பொலீரோ கேம்பர், டாட்டா யோதாவின் இரட்டைக் கேபின் வகை, இசுசு எஸ்-கேப் ஆகியவை இந்த இனம். கேம்பரின் எஞ்சின் இரண்டரை லிட்டர், ஏறத்தாழ 75 குதிரை சக்தி. எஸ்-கேப்பும் கிட்டத்தட்ட அதே அளவு. யோதாவின் எஞ்சின் 2.2 லிட்டர், சுமார் 100 குதிரை சக்தி. இவற்றில் உட்கார்ந்தால் சொகுசு இருக்காது. வெறும் வண்டியாக ஓடும்போது பின்புறப் பட்டை ஸ்பிரிங் தூக்கிப் போடும். ஆனால் பாரம் ஏறினால் அடங்கிவிடும். கேம்பரும் யோதாவும் கெட்டுப்போனால் தாலுகா ஊரிலும் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் கிடைப்பார்.

மற்றது, பார்ப்பவர் திரும்பிப் பார்க்கும் இனம். ஆந்திராவின் ஸ்ரீசிட்டி தொழிற்சாலையிலிருந்து 2016இல் வெளிவந்த இசுசு வி-கிராஸ் ஒன்று; இப்போது அதன் எஞ்சின் 1.9 லிட்டர், 163 குதிரை சக்தி. பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதியில் தயாராகும் டொயோட்டா ஹைலக்ஸ் இன்னொன்று, 2.8 லிட்டர், 204 குதிரை சக்தி. 2022இல் ஹைலக்ஸ் விற்பனைக்கு வந்தபோது அதன் ஆரம்ப விலையே 34 லட்சம் ரூபாயை ஒட்டி இருந்தது. இவை நல்ல வண்டிகள் என்பதில் சந்தேகமில்லை. பாதுகாப்புக்கான ஏர்பேக்கும், மேட்டில் ஏறும் வலிமையும், நெடுஞ்சாலை வேகமும் இவற்றில் உண்டு. சொந்தத் தோட்டம் வைத்திருப்பவருக்கும், காட்டுப் பாதையில் நாள் முழுதும் அலையும் சர்வே என்ஜினியருக்கும் பொருத்தமானவை.

ஆனால் மேஸ்திரிக்கு? விலை கூடினால் சுமக்கும் திறனும் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஆர்.சி. எடைகளை ஒப்பிட்டுப் பார்த்தால், விலை குறைந்த வேலை வண்டிக்கே அதிகச் சுமை ஏற்ற அனுமதி இருப்பது தெரியும். பளபளக்கும் வண்டியின் கூடுதல் விலை சொகுசுக்கும் வேகத்துக்கும் போகிறது. அந்த வண்டியின் தவணையைக் கட்ட, ஆட்களின் சனிக்கிழமைக் கூலியைத் திங்கட்கிழமைக்குத் தள்ளுகிற மேஸ்திரி, எத்தனை நாள் ஆட்களை வைத்துக்கொள்ள முடியும்?

ஷோரூமுக்குப் போகும்போது மனைவியையும் மைத்துனரையும் அழைத்துப் போவது வழக்கம். கூடவே ஆட்களில் நான்கு பேரையும் அழைத்துப் போகட்டும். அவர்களைப் பின் வரிசையில் உட்கார வைத்துக் கதவை மூடிப் பார்க்கட்டும். முழங்கால் இடிக்கிறதா, முதுகு சாய்கிறதா, பின் வரிசைக்கு சீட் பெல்ட் இருக்கிறதா என்று பார்க்கட்டும். இது கால் மணி நேர வேலை. விற்பனையாளர் தரும் அச்சடித்த படத்தை விட இது அதிகம் சொல்லும்.

நான்கு சக்கர இழுவை தேவையா?

"போர் பை போர் இருக்கிறதா?" என்பதுதான் இப்போது எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் சக்தி போகும் ஏற்பாடு அது. சாதாரண பிக்கப்பில் பின் சக்கரங்கள் மட்டுமே தள்ளும். தொட்டி காலியாக இருந்தால் பின்பக்கம் லேசாகி, சேற்றில் சக்கரம் ஒரே இடத்தில் சுற்றும். பெங்களூரைச் சுற்றியுள்ள புது லேஅவுட்டுகளில், ரோடு போடாத செம்மண்ணில் மழை பெய்த மறுநாள் இதைப் பார்க்கலாம்.

ஆனால் வருடத்தில் பத்து நாள் வரும் இந்தச் சங்கடத்துக்குப் பெரும் பணம் கொடுத்து நான்கு சக்கர இழுவை வாங்க வேண்டியதில்லை. நல்ல பள்ளம் வெட்டிய டயரும், பின் அச்சுக்கு மேல் நாலைந்து மணல் மூட்டையும், ஒரு மண்வெட்டியும், இழுக்கும் கயிறும் பெரும்பாலான சேற்றைக் கடத்திவிடும். தேய்ந்த டயரோடு நான்கு சக்கர இழுவை இருப்பதைவிட, நல்ல டயரோடு இரண்டு சக்கர இழுவை இருப்பது மேல்.

குடகின் கதை வேறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை கொட்டும் மலைச் சரிவில், தோட்டத்துக்குள் மண் பாதையில் ஆளையும் உரத்தையும் ஏற்றிக்கொண்டு ஏற வேண்டும், இறங்க வேண்டும். அங்கே நான்கு சக்கர இழுவை ஆடம்பரமல்ல. அதிலும் முக்கியமானது "லோ" கியர். ஏறுவதற்கு மட்டுமல்ல, இறங்குவதற்கும் அதுதான் துணை. லோ கியரில் போட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை அழுத்தி வழுக்கிப் போகும் ஆபத்துக் குறையும்.

காய்ந்த தார் ரோட்டில் நான்கு சக்கர இழுவையைப் போட்டுக்கொண்டே ஓட்டுவது கூடாது. திருப்பத்தில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் சுற்ற வேண்டியிருக்கிறது. இவ்வகை வண்டிகளில் அதற்கு வழி இல்லாததால் பல்சக்கரங்கள் முறுக்கேறித் தேயும்.

ஓடையைக் கடக்கும் வீரமும் வேண்டாம். டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறிப் பிளக் இல்லை, ஆகவே தண்ணீருக்கு அஞ்சாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. காற்று இழுக்கும் குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால், காற்றைப் போல் அது சுருங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எஞ்சினையே இறக்க வேண்டிவரும்.

டீசல் எஞ்சினின் புதுக் குணம்

குறைந்த வேகத்தில் பாரம் இழுப்பதில் டீசலுக்கு நிகர் இல்லை. ஆனால் 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.-6 விதிகள் வந்த பிறகு, பழைய டீசல் வண்டியைப் போல் புதியதை நடத்த முடியாது. புகைக் குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. வண்டி சிறிது நேரம் தொடர்ந்து நல்ல வேகத்தில் ஓடினால்தான் அது சூடேறி, சேர்ந்த கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். ஒரு சைட்டிலிருந்து இன்னொரு சைட்டுக்கு இரண்டு கிலோமீட்டர், அங்கிருந்து ஹார்டுவேர் கடைக்கு ஒரு கிலோமீட்டர் என்று நாள் முழுவதும் நெரிசலில் ஊர்ந்தால் கரி அடைத்துக்கொள்ளும். முன் பலகையில் விளக்கு எரியும்.

அந்த விளக்கைப் பார்த்ததும் துணியைப் போட்டு மூடுகிற டிரைவர்கள் உண்டு. அது பெருஞ்செலவில் கொண்டுபோய் விடும். வாரத்துக்கு ஒரு நாளாவது துமகூர் ரோட்டிலோ ஓசூர் ரோட்டிலோ அரை மணி நேரம் நிதானமான வேகத்தில் ஓட்டிவிட்டு வருவது நல்லது. நகரத்துக்குள் மட்டுமே ஓடப்போகிற வண்டி என்றால், டீசல்தான் வேண்டுமா என்பதையே மறுபடி யோசிக்க வேண்டும். சில வண்டிகளில் யூரியாக் கரைசலுக்கென்று தனித் தொட்டியும் உண்டு. அது முற்றிலும் காலியானால் நிறுத்திய வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாது.

தோட்டங்களில் பீப்பாயில் டீசல் வைத்து, துணியில் வடித்து ஊற்றும் பழக்கம் இருக்கிறது. பழைய ஜீப் அதைத் தாங்கியது. புதிய எஞ்சினின் பம்பும் இன்ஜெக்டரும் தாங்காது. பங்கிலேயே டீசல் போடுவதும், வடிகட்டியில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது திறந்துவிடுவதும் காசு மிச்சப்படுத்தும்.

பழைய வண்டி வாங்குவோர்

பழைய வண்டிச் சந்தையில் டாட்டா சீனான், மகிந்திரா ஸ்கார்பியோ கெட்அவே போன்றவை இன்னும் கைமாறுகின்றன. இவற்றின் உற்பத்தி நின்றுபோனது. விலை குறைவாகத் தெரிந்தாலும், உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்று விசாரித்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். அடியில் படுத்து சட்டத்தில் வெல்டிங் வைத்த தழும்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடன் தீர்ந்து ஆர்.சி.யில் அடமானக் குறிப்பு நீங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஊரிலிருந்து தமிழ்நாட்டு நம்பர் வண்டியைக் கொண்டுவந்து இங்கே ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அந்த மாநிலப் பதிவு எண் வாங்க வேண்டும் என்பது சட்டம். அதற்கான செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

சரக்கு வண்டியாகப் பதிவானால் மஞ்சள் போர்டு. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை. ஆனால் தகுதிச் சான்றிதழ் கட்டாயம். முதல் 8 ஆண்டுகள் வரை 2 ஆண்டுக்கு ஒரு முறையும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் அதைப் புதுப்பிக்க வேண்டும். வெள்ளை போர்டு வண்டியில் வாடகைக்கு லோடு அடிக்கக் கூடாது. டிரைவர் லைசென்சைப் பொறுத்தவரை இருந்த குழப்பம் தீர்ந்துவிட்டது. கார் ஓட்டும் இலகுரக வாகன லைசென்சு உள்ளவர், 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வண்டியை ஓட்டலாம் என்று சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சட்ட பெஞ்சு 2024 நவம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது.

தொட்டியில் வருபவனுக்கு இன்சூரன்சு உண்டா?

எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி இது. வண்டி வாங்கும் நாளில் யாரும் கேட்காத கேள்வியும் இதுதான்.

"இன்சூரன்சு கட்டியாகிவிட்டது, இனி பயமில்லை" என்று மேஸ்திரி நினைக்கிறார். சரக்கு வண்டியின் தொட்டியில் இலவசமாகவோ காசு கொடுத்தோ ஏறி வரும் பயணிக்கு, சட்டப்படி கட்டாயமான இன்சூரன்சு பொறுப்பேற்காது. 2002 இறுதியிலும் 2004 தொடக்கத்திலும் சுப்ரீம் கோர்ட்டு வழங்கிய தீர்ப்புகள் இதைத் தெளிவாக்கிவிட்டன. சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய பிரதிநிதியோ வந்தால் நிலை வேறு. வண்டிச் சொந்தக்காரரின் சொந்த வேலையாட்களுக்கும் ஓர் எல்லைக்குள் பாதுகாப்பு உண்டு. ஆனால் பக்கத்து சைட்டு ஆட்களை "வழியில்தானே, ஏறிக்கொள்" என்று ஏற்றிவந்தால் அவர்கள் யார் கணக்கில் வருவார்கள்? ஆர்.சி.யில் 5 பேர் என்று இருக்க, 14 பேரை ஏற்றிவந்தால் எந்தக் கம்பெனி மறுபேச்சில்லாமல் பணம் கொடுக்கும்?

சில வழக்குகளில், பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு முதலில் இன்சூரன்சு கம்பெனி கொடுக்கட்டும், பிறகு வண்டிச் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று கோர்ட்டு உத்தரவிடுகிறது. அப்போது மேஸ்திரி பாடுபட்டு ஊரில் கட்டிய வீடுதான் அதற்கு ஈடாகும்.

வேலையில் விபத்து நேர்ந்தால் முதலாளி நட்டஈடு தர வேண்டும் என்ற கடமை, 1923ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கி இன்றைய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வரை தொடர்கிறது. மேஸ்திரியும் ஒரு முதலாளிதான். இதை அவர் உணரும் நாள் விபத்து நடந்த நாளாக இருக்கக் கூடாது. பாலிசியை எடுக்கும்போதே, "என் ஆட்கள் எத்தனை பேருக்கு இதில் பாதுகாப்பு?" என்று கேட்டு, கூடுதல் பிரீமியம் கட்டி, எண்ணிக்கையைப் பாலிசியில் எழுத வைக்க வேண்டும். அந்த எண்ணிக்கையும் கேபினில் உள்ள இருக்கைகளைத் தாண்டக் கூடாது.

அனுமதிக்கு மேல் ஏறும் ஒவ்வொருவருக்கும் சட்டத்தில் அபராதம் 200 ரூபாய். தொகை சிறியதாக இருப்பதால் பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. 200 ரூபாயோடு முடிகிற காரியமா இது?

கட்டுப்படியாகுமா?

"பத்துப் பேரையும் ஒரே டிரிப்பில் கொண்டுபோனால்தான் கட்டுப்படியாகும்" என்று மேஸ்திரிகள் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒப்பந்தத் தொகையைக் குறைத்துக் குறைத்துக் கொடுக்கும் பெரிய கண்ட்ராக்டர், ஆட்கள் எப்படி வந்து சேர்கிறார்கள் என்று கேட்பதில்லை. காலை 8 மணிக்கு வேலை தொடங்கவில்லை என்றால் மட்டும் கேட்பார்.

இருந்தாலும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சைட் 10 கிலோமீட்டர் தூரம். இரண்டாவது டிரிப்புக்குக் காலையில் 20 கிலோமீட்டர், மாலையில் 20 கிலோமீட்டர் அதிகம். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்றால் 4 லிட்டருக்கும் குறைவான டீசல். அதுவும் அதிகம் என்றால், பாதி ஆட்கள் டவுன் பஸ்சில் வரட்டும். கர்நாடக முகவரியில் அடையாள அட்டை உள்ள பெண்களுக்கு, 2023 ஜூன் முதல் அரசின் சாதாரண பஸ்களில் இலவசப் பயணம் இருக்கிறது. சித்தாள் பெண்களுக்கு அந்த அட்டையை வாங்கிக் கொடுப்பது, அவர்களைத் தொட்டியில் ஏற்றுவதைவிட மேஸ்திரிக்கு மலிவு. மற்றவர்களுக்கு பஸ் கட்டணத்தைக் கூலியோடு சேர்த்துக் கொடுத்தால், ஆட்களும் மனம் கோணாமல் வருவார்கள்.

பஸ் போகாத குடகுத் தோட்டத்தில் இந்த வழி நடக்காது. அங்கே இரண்டு டிரிப் அடிப்பதும், மழைக் காலத்தில் ஆட்களைத் தோட்டத்துக்கு அருகிலேயே தங்கவைக்கும்படி தோட்டத்து நிர்வாகத்திடம் பேசி வாங்குவதும்தான் வழி. ஆளையும் உரமூட்டையையும் ஒரே தொட்டியில் போட்டு ஈரச் சரிவில் இறங்குவது மட்டும் வழியல்ல.

கையெழுத்துப் போடும் குமாஸ்தாக்கள்

வண்டிக் கடனுக்கு ஜாமீன் தேவைப்படும்போது மேஸ்திரி தேடிப் போவது, ஊர்க்காரராக இருக்கும் மாதச் சம்பளக்காரரை. "அண்ணே, ஒரு கையெழுத்துத்தான்" என்பார். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதப்படாத வரை, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பு ஜாமீன்காரருக்கும் உண்டு. விபத்து நடந்து, வண்டி போலீஸ் நிலையத்தில் நின்று, வேலை நின்று, தவணை நின்றால் கடிதம் வருவது குமாஸ்தாவின் ஆபீசுக்கு.

ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன் அவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை இருக்கிறது. எந்த வண்டி, எவ்வளவு தவணை, பாலிசியில் எத்தனை ஆள் என்று கேட்கலாம். இங்கிலீஷில் இருக்கும் பாலிசியைப் படித்து, அதில் இருப்பதைத் தமிழில் எடுத்துச் சொல்லலாம். ஆயிரம் ரூபாய் கைமாற்றுக் கொடுப்பதைவிட அது பெரிய உதவி.

கூலியாள் கேட்க முடியுமா என்றால், முடியாது. ஏறமாட்டேன் என்று சொன்னால் அன்றைய கூலி போகும். மறுநாள் அவன் இடத்தில் இன்னொருவன் நிற்பான். ஆகவே இதைச் செய்ய வேண்டியவர் மேஸ்திரிதான். அவரும் ஒரு காலத்தில் யாரோ ஒருவருடைய வண்டித் தொட்டியில், மழையில் நனைந்து, திருப்பத்துக்குத் திருப்பம் பக்கத்து ஆளைப் பிடித்துக்கொண்டு வந்தவர்தான். அவருக்குத் தெரியாததை யாரும் புதிதாகச் சொல்லிவிட முடியாது.

டபுள் கேபின் வண்டிக்குக் கொடுக்கும் அதிகப் பணம், அந்த நான்கு கதவுகளுக்காகவும் பின் வரிசை இருக்கைக்காகவும்தான். அதில் உட்கார வேண்டியவர்கள் யார் என்பதை முதலில் முடிவு செய்யட்டும். பிறகு எந்தக் கம்பெனி, என்ன வர்ணம், எத்தனை குதிரை சக்தி என்று பார்க்கலாம்.